சிலுவையும் வாளும் தராசும்: நிலமானிய ஐரோப்பாவின் கதை

இடைக்கால ஐரோப்பா என்றதும் உயரமான கோட்டைகளும் இரும்புக் கவசம் பூண்ட குதிரை வீரர்களும்தான் பலருக்கு நினைவுக்கு வரும். திரைப்படங்களும் கணினி விளையாட்டுகளும் மனதில் பதித்துவிட்ட படம் அது. ஆனால் அந்தச் சமூகத்தில் மிகப் பெரும்பான்மையானவர்கள் கோட்டையைச் சுற்றியிருந்த வயல்களில் உழுதவர்கள். வீரனின் குதிரைக்குத் தீனியும் பாதிரியாரின் களஞ்சியத்துக்குத் தானியமும் அவர்கள் உழைப்பிலிருந்துதான் வந்தன. இந்த அமைப்பைத்தான் பாடநூல்கள் நிலமானிய முறை என்கின்றன. போர், மதம், வணிகம் ஆகிய மூன்றும் சேர்ந்து இதை வடிவமைத்தன. இதில் வியப்பு என்னவென்றால், பின்னாளில் இதைத் தளர வைத்தவையும் அதே மூன்றுதான்.

போர் கொடுத்த நிலம்

கி.பி. 800இல் ரோம் நகரில் போப் மூன்றாம் லியோ, சார்லிமேனுக்குப் பேரரசராக முடிசூட்டினார். ஆனால் அந்தப் பேரரசு நீண்ட நாள் நிலைக்கவில்லை. 843இல் வெர்டூன் உடன்படிக்கையின்படி அவருடைய பேரன்கள் மூவரும் அதைப் பங்கு போட்டுக்கொண்டார்கள். அதே காலத்தில் வடக்கே இருந்து வைக்கிங்குகள் படகுகளில் வந்து ஆற்றங்கரை ஊர்களைச் சூறையாடினார்கள். 845இல் பாரிஸ் நகரமே அவர்களிடம் வீழ்ந்தது. கிழக்கே இருந்து மாகியர்கள் குதிரைகளில் வந்தார்கள்.

அரசர் தூரத்தில் இருந்தார். எதிரியோ ஊர் வாசலில் நின்றான். எனவே பக்கத்தில் கோட்டையும் சில குதிரை வீரர்களும் வைத்திருந்த பிரபுவே மக்களுக்கு அரசனானான். அந்த வீரனுக்குச் சம்பளம் கொடுக்கப் போதிய நாணயம் புழக்கத்தில் இல்லை. இருந்தது நிலம் மட்டுமே. ஆகவே நிலமே சம்பளமானது. வீரன் பிரபுவின் முன் மண்டியிட்டு, கூப்பிய கைகளை அவர் கைகளுக்குள் வைத்து, விசுவாசமாக இருப்பேன் என்று சத்தியம் செய்வான். பதிலுக்கு அவனுக்கு மானிய நிலம் கிடைக்கும். ஆண்டுக்குச் சுமார் 40 நாட்கள் அவன் போருக்கு வரவேண்டும் என்பது பல இடங்களில் வழக்கமாக இருந்தது.

911இல் பிரான்ஸ் அரசர் மூன்றாம் சார்லஸ், ரோலோ என்ற வைக்கிங் தலைவனுக்கே செயின் ஆற்றின் முகத்துவாரத்தில் நிலம் கொடுத்துச் சமாதானம் செய்துகொண்டார். அதுதான் நார்மண்டி. ரோலோவின் வழிவந்த வில்லியம் 1066இல் இங்கிலாந்தை வென்று, அந்த நாட்டின் நிலத்தைத் தன் தளபதிகளுக்குப் பங்கிட்டார். 20 ஆண்டுகள் கழித்து, 1086இல், யாரிடம் எவ்வளவு நிலம், எத்தனை கலப்பை, எத்தனை உழவர் என்று கணக்கெடுக்கச் செய்தார். 13,000க்கும் மேற்பட்ட ஊர்கள் பதிவான அந்த ஆவணமே டூம்ஸ்டே புத்தகம்.

இந்த ஏணியின் கடைசிப் படியில் பண்ணையடிமை இருந்தான். அவனை விலைக்கு வாங்கிய அடிமை என்று சொல்ல முடியாது. ஆனாலும் அவன் நிலத்தோடு கட்டப்பட்டவன். வாரத்தில் இரண்டு மூன்று நாட்கள் பிரபுவின் வயலில் கூலியின்றி உழைக்க வேண்டும். பிரபுவின் ஆலையில்தான் மாவு அரைக்க வேண்டும், அதற்கும் கட்டணம் உண்டு. மகளுக்குத் திருமணம் செய்யக்கூட அனுமதியும் பணமும் தேவைப்பட்டன.

மதம் கொடுத்த நியாயம்

இத்தனை சுமையை மக்கள் ஏன் சுமந்தார்கள்? வாள் பயம் ஒரு காரணம். இன்னொரு காரணம் திருச்சபை தந்த விளக்கம். 11ஆம் நூற்றாண்டில் லாவோன் நகர ஆயர் அடால்பெரோ, சமூகம் மூன்று பிரிவுகளால் ஆனது என்று எழுதினார். ஜெபிப்பவர்கள், போரிடுபவர்கள், உழைப்பவர்கள் என்பவையே அவை. இது இறைவன் வகுத்த ஒழுங்கு என்று நம்பப்பட்டபோது, அதை எதிர்ப்பது பாவமாகிவிட்டது.

திருச்சபையும் வெறும் பார்வையாளர் இல்லை. விளைச்சலில் பத்தில் ஒரு பங்கு அதற்குப் போனது. ஆயர்களும் மடாலயத் தலைவர்களும் பெரும் நிலப்பிரபுக்களாக இருந்தார்கள். அதனால்தான் ஆயரை நியமிப்பது யார் என்ற கேள்வி பேரரசரையும் போப்பையும் மோதவிட்டது. 1077 ஜனவரியில் பேரரசர் நான்காம் ஹென்றி, கனோசா கோட்டை வாசலில் பனியில் மூன்று நாட்கள் காத்திருந்து போப் ஏழாம் கிரிகோரியிடம் மன்னிப்புப் பெற்றார்.

அதே திருச்சபை வாளுக்குக் கடிவாளம் போடவும் முயன்றது. 989இல் பிரான்சின் சாரூ என்ற ஊரில் கூடிய ஆயர்கள், தேவாலயத்தைக் கொள்ளையடிப்பவர்களையும் ஏழை உழவரின் கால்நடையைப் பறிப்பவர்களையும் சபித்தார்கள். பிறகு புதன் மாலை முதல் திங்கள் காலை வரை சண்டையே கூடாது என்ற விதியும் வந்தது. ஆனால் போரைத் தொழிலாகக் கொண்டவர்கள் சும்மா இருப்பார்களா? 1095இல் கிளேர்மான் நகரில் போப் இரண்டாம் அர்பன் அவர்களுக்கு வேறு திசையைக் காட்டினார். 1099இல் சிலுவைப் படை ஜெருசலேமைப் பிடித்து, நகர மக்களைப் பெருமளவில் கொன்று குவித்தது.

வணிகம் கொண்டுவந்த பணம்

12ஆம் நூற்றாண்டில் பிரான்சின் ஷாம்பேன் பகுதியில் த்ருவா, ப்ரோவான், லாஞி, பார் ஆகிய நான்கு ஊர்களில் ஆண்டு முழுவதும் மாறி மாறிச் சந்தைகள் நடந்தன. வடக்கே இருந்து பிளாண்டர்ஸ் கம்பளித் துணி வந்தது. தெற்கே இருந்து இத்தாலிய வணிகர்கள் பட்டும் வாசனைப் பொருட்களும் கொண்டுவந்தார்கள். மலபார் கரையில் விளைந்த மிளகு, அலெக்சாண்டிரியா, வெனிஸ் வழியாக அந்தச் சந்தைகளை எட்டியது.

பட்டும் மிளகும் வாங்கப் பிரபுவுக்கு நாணயம் வேண்டும். ஆகவே உழைப்புக்குப் பதிலாகப் பணமாகவே குத்தகை வாங்கப் பலர் சம்மதித்தார்கள். அரசர்களும் அப்படியே. இங்கிலாந்தின் இரண்டாம் ஹென்றி 1159இல் படைச் சேவைக்குப் பதிலாக வரி வசூலித்து, அந்தப் பணத்தில் கூலிப்படை அமர்த்தினார். விசுவாசத்தின் இடத்தில் பணம் வந்து உட்கார்ந்தது. நகரங்கள் வளர்ந்தன. ஓராண்டும் ஒரு நாளும் நகரத்தில் பிடிபடாமல் வாழ்ந்துவிட்ட பண்ணையடிமை சுதந்திர மனிதன் என்பது பல நகரங்களின் வழக்கம்.

மூன்றும் சந்தித்த இடம்

மதமும் போரும் வணிகமும் எப்படிப் பின்னிக் கிடந்தன என்பதற்கு நான்காம் சிலுவைப் போரே சாட்சி. 33,500 வீரர்களையும் 4,500 குதிரைகளையும் ஏற்றிச் செல்ல, 85,000 வெள்ளி மார்க்குக்கு 1201இல் வெனிஸுடன் ஒப்பந்தம் ஆனது. ஆனால் வந்து சேர்ந்தவர்கள் அதில் மூன்றில் ஒரு பங்கு அளவுதான். கடன் நின்றது. கடனுக்குக் கால அவகாசம் கேட்டவர்களிடம் வெனிஸ் ஒரு வேலை கேட்டது. 1202இல் ஸாரா என்ற கிறிஸ்தவ நகரத்தையே சிலுவைப் படை தாக்கியது. போப் மூன்றாம் இன்னொசென்ட் தடுத்தும் பயனில்லை. 1204இல் அவர்கள் கான்ஸ்டான்டிநோபிளையும் சூறையாடினார்கள். அதுவும் கிறிஸ்தவர்களின் தலைநகரம்தான். ஜெருசலேமுக்குக் கிளம்பிய படை ஜெருசலேமைப் பார்க்கவே இல்லை.

தளர்ந்த கட்டு

1302இல் கோர்ட்ரைக் களத்தில், பிளாண்டர்ஸ் நகரங்களின் நெசவாளர்களும் கைவினைஞர்களும் ஈட்டிகளோடு நின்று பிரெஞ்சுக் குதிரைப் படையைத் தோற்கடித்தார்கள். போரிடப் பிறந்தவர்கள் என்ற பெருமை அன்று சேற்றில் விழுந்தது. 1347இல் வந்த கொள்ளைநோய் நான்கே ஆண்டுகளில் ஐரோப்பிய மக்களில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் பலிகொண்டது. அந்த நோயும் வணிகக் கப்பல்களில்தான் வந்தது. ஆட்கள் குறையவே கூலி ஏறியது. 1351இல் இங்கிலாந்து நாடாளுமன்றம், பழைய கூலிக்கு மேல் கேட்கக் கூடாது என்று சட்டம் போட்டது.

1381இல் அந்தக் கோபம் வெடித்தது. பிரான்ஸ் போருக்காகப் போட்ட தலைவரிதான் பொறி. ஜான் பால் என்ற பாதிரியார், மனிதர் அனைவரும் சமமாகவே படைக்கப்பட்டார்கள் என்று பிரசங்கம் செய்தார். மூன்று பிரிவுகளை நியாயப்படுத்திய அதே மதத்திலிருந்துதான் அவர் சமத்துவத்தையும் எடுத்தார். லண்டனுக்குள் நுழைந்த மக்கள், பண்ணையடிமைத்தனம் ஒழிய வேண்டும், ஏக்கருக்கு 4 பென்ஸ் மட்டுமே குத்தகை என்று கேட்டார்கள். 14 வயது அரசர் இரண்டாம் ரிச்சர்ட் சம்மதித்தார். கிளர்ச்சித் தலைவன் வாட் டைலர் கொல்லப்பட்டதும் அந்த வாக்குறுதி காற்றில் பறந்தது. ஜான் பாலும் தூக்கிலிடப்பட்டார்.

கிளர்ச்சி தோற்றது. ஆனாலும் அடுத்த நூறு ஆண்டுகளில் இங்கிலாந்தில் பண்ணையடிமைத்தனம் பெரும்பாலும் மறைந்துபோனது. அதை எந்தச் சட்டமும் ஒழிக்கவில்லை. ஆள் பற்றாக்குறையும் பணக் குத்தகையும் சேர்ந்து அதை அர்த்தமற்றதாக்கின. பிரான்சில் நிலப்பிரபுக்களின் உரிமைகளை ஒழிக்க 1789 ஆகஸ்ட் 4ஆம் தேதி இரவு வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

கோட்டைகள் இன்று சுற்றுலாத் தலங்கள். அவற்றைக் கட்டிய பிரபுக்களின் பெயர்கள் ஏடுகளில் உள்ளன. உழுதவர்களின் பெயர்களோ பெரும்பாலும் இல்லை. டூம்ஸ்டே புத்தகம்கூட அவர்களை எண்ணிக்கையாக மட்டுமே குறித்துவைத்தது. சிலுவையும் வாளும் தராசும் எந்தப் பக்கம் சாய்ந்தாலும், அவற்றின் பாரத்தைத் தாங்கியது அந்த எண்ணிக்கைதான்.