சொல்லே பிணையாய் நின்றவர்

சமயப் பற்று என்பது யாது? ஆலயம் செல்வதும் மறைநூல் ஓதுவதும் அதன் புறவடிவங்கள். அப்பற்று மெய்யானதா என அறிய வேறோர் அளவுகோல் உண்டு. ஒருவருடைய சொல்லை அவர்தம் சமயத்தைச் சாராதாரும் நம்புகின்றனரா என்பதே அது. அக்கோலால் அளந்து பார்க்கத்தக்க வாழ்வொன்று பதினெட்டாம் நூற்றாண்டின் தஞ்சை வரலாற்றில் காணக்கிடக்கின்றது. அது கிறித்தவத் தொண்டர் சுவார்ட்ஸ் ஐயரின் வாழ்வாகும்.

பிரடெரிக் சுவார்ட்ஸ் 1726ஆம் ஆண்டில், இன்று போலந்து நாட்டில் அடங்கியுள்ள சொன்னன்பர்க் என்னும் ஊரில் பிறந்தார். செர்மனியின் ஹாலே நகரில் பயின்றபோது, சென்னையில் பணியாற்றித் திரும்பியிருந்த சூல்ட்ஸ் என்பாரிடம் தமிழ் கற்றார். 1750 சூலையில் தரங்கம்பாடியை அடைந்தவர், அவ்வாண்டு நவம்பரிலேயே தமிழில் அருளுரை ஆற்றினார். கடவுளைப் பற்றி மக்களிடம் பேச வருவோர் முதற்கண் அம்மக்களின் மொழியை மதித்தல் வேண்டும் என்பதை அவர் செயலால் உணர்த்தினார். பின்னர்த் திருச்சியிலும், 1778 முதல் தஞ்சையிலும் தங்கித் தொண்டு புரிந்தார்.

1779ஆம் ஆண்டில் கிழக்கிந்தியக் கும்பினியின் சென்னை ஆளுநர் அவரைச் சீரங்கப்பட்டினத்திற்குத் தூது அனுப்பினார். கும்பினியாரை நம்பாத ஹைதர் அலி, இவர் ஒருவர் தம்மை ஏமாற்றமாட்டார் என்று நம்பி வரவேற்றார். வழிச் செலவுக்கென அவர் 300 ரூபாய் அளித்தார். சுவார்ட்ஸ் அதனைத் தமதாகக் கொள்ளாமல் சென்னை அரசிடம் ஒப்படைக்க முன்வந்தார். அரசு ஏற்க மறுக்கவே, தஞ்சையில் ஏழைப் பிள்ளைகளின் பள்ளிக்கு அப்பணத்தை முதலாக்கினார். ஆயினும் தூது பயன் தரவில்லை. மறு ஆண்டே போர் மூண்டது. நேர்மையாளர் ஒருவரைத் தூது விடுவதனால் மட்டும் விட்டவர் நேர்மையாளர் ஆகிவிடுவதில்லை அன்றோ! எனினும், சுவார்ட்ஸ் ஐயரைத் தடையின்றிச் செல்லவிடுமாறு ஹைதர் தம் படையினர்க்குக் கட்டளையிட்டிருந்தார்.

அப்போரினால் தஞ்சையிற் பஞ்சம் தலைவிரித்தாடியது. நாட்டுப்புறத்தில் நெல் இருந்தது. கோட்டைக்குள் அதனைக் கொண்டுவர மாடுகள் இல்லை. முன்னர்ப் பொருள் கொடுத்தும் உரிய விலை பெறாது ஏமாந்த குடியானவர்கள், மன்னரின் வாக்கையும் நம்பவில்லை. கும்பினியின் வாக்கையும் நம்பவில்லை. அந்நிலையில் சுவார்ட்ஸ், ‘உங்களுக்குரிய பணத்தை என் கையாலேயே தருவேன்’ எனப் பிணை நின்றார். ஓரிரு நாளில் ஆயிரம் மாடுகள் வந்து சேர்ந்தன. 80,000 கலம் நெல் கோட்டையை அடைந்தது. இடர் நீங்கியதும் அவர் சொன்னவாறே பணத்தைக் கொடுத்துத் தீர்த்தார். தம்மிடம் போதாத நிலையில் பிறர் பணத்தையும் எடுத்துக் கொடுத்தார்.

கொடுமை தாங்காது ஊரைவிட்டு ஓடிய உழவர்களை மன்னர் அழைத்தபோதும் ஒருவரும் திரும்பவில்லை. சுவார்ட்ஸ் உறுதியளித்த பின்னர் ஒரே நாளில் 7,000 பேர் மீண்டனர். உழவுக்குரிய பருவம் பெரிதும் கழிந்துவிட்டதை உணர்ந்து, இரவு பகலாக உழைக்கவும் முன்வந்தனர். அவர்களுட் பெரும்பாலோர் அவர் சமயத்தவர் அல்லர் என்பது ஈண்டு நினைக்கத்தக்கது.

அரண்மனையும் அவரை இவ்வாறே நம்பியது. 1787இல் மறைவெய்திய துளசா மன்னர், தாம் தத்தெடுத்த சிறுவனாகிய சரபோசியின் நலத்தை அவரிடம் ஒப்படைக்க விரும்பினார். பின்னாளில் அச்சிறுவன் அரண்மனையில் ஒடுக்கப்பட்டபோது, அவனுக்குக் கல்வியும் பாதுகாப்பும் கிடைக்கச் சுவார்ட்ஸ் அயராது முயன்றார். அவரிடம் கல்வி பெற்ற வேதநாயக சாத்திரியார் கிறித்தவத் தமிழ்ப் புலவராக விளங்கினார். சரபோசியோ தம் முன்னோர் சமயத்திலேயே நிலைத்து நின்று, சரசுவதி மகால் நூலகத்தை வளர்த்தார். இருவரும் அவரைத் தந்தையெனவே போற்றினர். 1798 பிப்ரவரி 13ஆம் நாள் சுவார்ட்ஸ் மறைந்தார். அவ்வாண்டே அரியணை ஏறிய சரபோசி, பின்னர் அவருக்குப் பளிங்குச் சிற்பம் ஒன்றைச் செய்வித்துத் தஞ்சைத் தேவாலயத்தில் நிறுவினார். இறக்கும் நிலையிலுள்ள ஆசானின் அருகே மாணாக்கர் நிற்கும் காட்சியை இன்றும் அங்குக் காணலாம்.

ஆசிரியராகிய நமக்கும் இதிற் பாடம் உண்டு. ஒருமுறை, மாணவன் ஒருவனின் கட்டுரை ஏட்டை மறுநாள் திருத்தித் தருவதாகக் கூறி, ஒரு கிழமை தாழ்த்திவிட்டேன். அவன் குறைகூறவில்லை; ஆனால் அதன்பின் என்னிடம் தானாக எதையும் எழுதிக் காட்டவும் இல்லை. சிறு சொல்தான், எனினும் இழந்தது பெரிது.

இறைவனுக்கு நேர்மையாக நடத்தல் வேறு, மனிதர்க்கு நேர்மையாக நடத்தல் வேறு எனச் சுவார்ட்ஸ் கருதவில்லை. வழிபாட்டில் அவர் கூறிய அதே மெய்ம்மை, நெல்லுக்குக் கொடுத்த காசிலும் விளங்கியது. ஆகவேதான் அவர் சொல்லே பிணையாயிற்று.