உப்புநீருக்கு அப்பால்: வேலூரில் கிடைத்த ஒரு விடை

குயிலாப்பாளையத்திலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடக்கு நோக்கிச் சென்றால் மரக்காணத்து உப்பளங்கள் வருகின்றன. அங்கே குவிந்து கிடக்கும் உப்பில் ஒரு சிறு பங்கு, வயிற்றுப்போக்கால் துவண்டு கிடக்கும் குழந்தையின் உயிரைக் காக்கும் என்பதை மருத்துவ உலகம் ஏற்று அரை நூற்றாண்டுதான் ஆகிறது. ஆனால் உயிர் தப்பிய பின்னர், பேதியோடு அடித்துச் செல்லப்பட்ட குடல் நுண்ணுயிர்களை மீட்பது எங்ஙனம்? இவ்வினாவுக்கு நம் வேலூரில் கிடைத்த விடை நம் இல்லங்களில் அதிகம் பேசப்படவில்லை.

1971ஆம் ஆண்டு வங்கதேசப் போரில் இலட்சக்கணக்கான மக்கள் எல்லை கடந்து வந்தனர். பொங்காவ் முகாமில் வாந்திபேதி பரவியது. நரம்பில் ஏற்றும் மருந்துநீர் தீர்ந்துபோகவே, மருத்துவர் திலீப் மஹலானபிஸ் உப்பு, சமையல் சோடா, குளுக்கோஸ் ஆகியவற்றை நீரில் கரைத்து, நோயாளிகளின் உறவினர் கையாலேயே புகட்டச் செய்தார். நூற்றுக்கு முப்பது பேரைப் பலிகொண்டிருந்த நோயில் இறப்பு 3.6 விழுக்காடாகக் குறைந்தது. டாக்காவில் 1968இலேயே ஆய்வாளர்கள் இதன் அடிப்படையை நிறுவியிருந்தனர். சிறுகுடலில் குளுக்கோஸ் உப்பைத் தன்னோடு உள்ளே அழைத்துச் செல்கிறது. உப்பைத் தொடர்ந்து நீர் செல்கிறது.

எனினும் அந்த உப்புநீருக்கு ஒரு குறை இருந்தது. அது உடல் வறண்டுபோகாமல் காத்ததேயன்றிப் பேதியின் அளவையோ நாட்களையோ குறைக்கவில்லை. பிள்ளையை மடியில் வைத்திருக்கும் தாய்க்குப் பேதி நின்றதா என்பதே அளவுகோல். நிற்காதபோது அவள் உப்புநீரைக் கைவிடுகிறாள். 'வயிற்றைக் காயப்போடு' என்று பெரியவர்கள் சொல்வதைக் கேட்டுச் சோற்றையும் நிறுத்திவிடுகிறாள். ஏற்கெனவே மெலிந்த குழந்தைக்கு இதைவிடத் தீங்கு வேறில்லை.

வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் பி. எஸ். ராமகிருஷ்ணா, வி. ஐ. மாத்தன் ஆகியோர் கவனத்தைப் பெருங்குடலின் பக்கம் திருப்பினர். அங்கு வாழும் நுண்ணுயிர்கள், சிறுகுடலில் செரிக்காமல் வந்து சேரும் மாவுச்சத்தைப் புளிக்கவைத்துச் சில எளிய கொழுப்பு அமிலங்களை உண்டாக்குகின்றன. அவ்வமிலங்கள் இருந்தால் பெருங்குடல் உப்பையும் நீரையும் நன்கு உறிஞ்சும். பேதியின்போது அவை குன்றிவிடுவதையும், மீண்டும் கிடைத்தால் உறிஞ்சும் திறன் திரும்புவதையும் 1993இல் அவர்கள் வெளியிட்ட ஆய்வு காட்டியது.

2000ஆம் ஆண்டில் வெளியானது அடுத்த ஆய்வு. வாந்திபேதி கண்ட 48 பேரை மூன்றாகப் பிரித்தனர். ஒரு பிரிவினருக்கு வழக்கமான உப்புநீர் மட்டும். மற்றொரு பிரிவினருக்கு அதில் லிட்டருக்கு 50 கிராம் அரிசிமாவு. மூன்றாம் பிரிவினருக்கு அதே அளவில், எளிதில் செரிக்காத ஒருவகைச் சோளமாவு. மலம் கட்டிப்பட எடுத்த நேரம் முறையே ஏறத்தாழ 91, 71, 57 மணி. வெளியிலிருந்து எந்த நுண்ணுயிரும் புகட்டப்படவில்லை. குடலில் எஞ்சியிருந்தவற்றுக்கு இரை கிடைத்தது, அவ்வளவே.

இந்த ஆய்வைக் காட்டிப் 'பழைய சோறு நிரூபிக்கப்பட்டுவிட்டது' என்று சொல்வது மிகையென்றே கருதுகிறோம். ஆறிய சோற்றில் செரிக்காத மாவுச்சத்து சற்றுக் கூடுகிறது என்பது உண்மை. ஆனால் வேலூரில் சோதிக்கப்பட்டது பழைய சோறு அன்று. மருந்துக்கடையில் விற்கும் நுண்ணுயிர்ப் பொடிகளின் கதையும் இதுதான். அமெரிக்காவில் 971 குழந்தைகளிடமும் கனடாவில் 886 குழந்தைகளிடமும் நடந்த இரு பெரும் ஆய்வுகள் 2018இல் வெளியாயின. சோதிக்கப்பட்ட பொடிகளால் திடீர்ப் பேதியில் பயன் ஏதும் தென்படவில்லை.

டாக்காவில் செய்த சோதனை நம் அடுப்படிக்கு இன்னும் நெருங்கியது. நெடுநாள் பேதியால் அவதிப்பட்ட 62 ஆண் குழந்தைகளிடம் நடத்தி 2001இல் வெளியிட்டனர். சோற்றுணவோடு வேகவைத்த வாழைக்காயும் உண்டவர்களில் ஐவருக்கு ஏறத்தாழ நால்வர் நான்காம் நாளில் குணமடைந்தனர். சோற்றுணவு மட்டும் உண்டவர்களில் நால்வருக்கு ஒருவர்கூடத் தேறவில்லை. அதே நகரத்து வாந்திபேதி நோயாளிகளை ஆராய்ந்து 2014இல் வெளியான மற்றோர் ஆய்வு, குடல் நுண்ணுயிர்கள் திரும்பிவரும் வரிசை, பச்சிளங்குழந்தையின் குடலில் அவை முதன்முதலில் குடியேறும் வரிசையை ஒத்திருப்பதைக் கண்டது. இறைவன் படைப்பின் இந்த ஒழுங்கு நம்மை வியக்கவைக்கிறது.

ரமலானில் பேதி கண்டவர் நோன்பை விடக் கூசி மறைப்பதை நாம் பார்த்திருக்கிறோம். நோயாளி வேறு நாட்களில் நோற்றுக்கொள்ளலாம் என்று குர்ஆனே சலுகை தருகிறது. இழந்த நீரை அன்றே ஈடுசெய்ய வேண்டும். பொட்டலம் கிடைக்காத வேளையில், காய்ச்சி ஆறிய ஒரு லிட்டர் நீரில் ஆறு தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் மட்டமாக அளந்து கரைக்கலாம். உப்பைக் கூட்டிவிடலாகாது. தாய்ப்பால் குடிக்கும் குழந்தைக்கு அதை நிறுத்த வேண்டாம். மற்றவர்களுக்குக் கஞ்சி, குழைந்த சோறு, வேகவைத்து மசித்த வாழைக்காய் எனப் பசிக்கேற்பச் சிறிது சிறிதாகக் கொடுக்கலாம். மலத்தில் இரத்தம் கண்டாலோ, கண்கள் குழிந்தாலோ, சிறுநீர் நின்றாலோ, குழந்தை குடிக்க மறுத்தாலோ உடனே மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும்.