மூன்றாவது வரி

நாட்டிங்ஹாம் ஃபாரஸ்ட்டின் கதையை எல்லாரும் ஒரே மூச்சில்தான் சொல்வார்கள். இரண்டாம் டிவிஷனிலிருந்து ஏறிவந்த மறு வருடமே இங்கிலாந்தின் சாம்பியன், அதற்கடுத்த இரண்டு வருடமும் ஐரோப்பாவின் சாம்பியன். இதில் ‘இரண்டாம் டிவிஷனிலிருந்து ஏறிவந்த’ என்கிற பகுதி எக்ஸ்பிரஸ் பஸ் நிற்காமல் தாண்டுகிற ஊர் மாதிரி. நானும் பல வருடம் அப்படித்தான் தாண்டிப் போயிருக்கிறேன். ஏறி வந்தார்கள் என்றால் முதலிடத்தில், எல்லாரையும் அடித்து நொறுக்கிவிட்டு வந்திருப்பார்கள் என்று நானாகவே நினைத்துக்கொண்டேன். பிறகு ஒருநாள் 1976–77 சீசனின் இறுதிப் புள்ளிப் பட்டியலைப் பார்த்தேன்.

வால்வ்ஸ் 57. செல்சி 55. ஃபாரஸ்ட் 52. போல்டன் 51. பிளாக்பூல் 51.

மூன்றாவது வரியில் இருக்கிறார்கள், அதுவும் ஒரே ஒரு புள்ளியில். 42 ஆட்டங்களில் 21 வெற்றி, 10 டிரா, 11 தோல்வி. ஐந்தாவதாக வந்த பிளாக்பூல் தோற்றதே 8 ஆட்டம்தான், ஃபாரஸ்ட் அதைவிட மூன்று ஆட்டம் அதிகமாகத் தோற்றிருக்கிறது. அப்போது வெற்றிக்கு 2 புள்ளி, டிராவுக்கு 1. முதல் மூன்று அணிகள் நேராக மேலே போகும். பிளேஆஃப் என்கிற சமாசாரம் வர இன்னும் பத்து வருடம் இருந்தது. நமக்குத்தான் கை சும்மா இருக்காதே, இன்றைய மூன்று புள்ளி முறையில் கணக்குப் போட்டுப் பார்த்தேன்: வால்வ்ஸ் 79, செல்சி 76, ஃபாரஸ்ட் 73, போல்டன் 71. வரிசை மாறவில்லை. ஆனால் இன்றைக்கு மூன்றாம் இடம் என்றால் நேராக மேலே போக முடியாது, இன்னொரு பரீட்சை எழுத வேண்டும்.

இந்தப் பட்டியலைப் பார்த்த பிறகு அந்த ‘அதிசய’க் கதையை என்னால் பழையபடி கேட்க முடியவில்லை.

முதலில் பிரையன் கிளஃப். அவரைப் பற்றிய படங்களும் புத்தகங்களும் அவருடைய வாயைப் பற்றியே அதிகம் பேசுகின்றன. தொலைக்காட்சியில் மடக்கி மடக்கிப் பேசுவார், யாரையும் விடமாட்டார். ஆனால் அவர் வாழ்க்கையின் பெரும்பகுதி இரண்டாம் டிவிஷனில் கழிந்தது என்பதை யாரும் அழுத்திச் சொல்வதில்லை. ஆட்டக்காரராக அவர் லீக்கில் 274 ஆட்டங்களில் 251 கோல் அடித்தவர். மிடில்ஸ்ப்ரோவுக்கும் சண்டர்லாந்துக்கும் அடித்தவை, ஏறக்குறைய எல்லாமே இரண்டாம் டிவிஷனில். 1962 டிசம்பர் 26 அன்று பரி அணிக்கு எதிரான ஆட்டத்தில் கோல்கீப்பரோடு மோதி முழங்கால் போனது. சண்டர்லாந்து மேலே ஏறிய பிறகு முதல் டிவிஷனில் மூன்றே ஆட்டம் ஆடினார், அதோடு சரி. 29 வயதில் ஆட்டக்காரரின் வாழ்க்கை முடிந்துவிட்டது. மேனேஜராக டார்பி கவுண்டிக்குப் போனபோது அதுவும் இரண்டாம் டிவிஷன் அணிதான். அதை மேலே ஏற்றி 1972-ல் இங்கிலாந்தின் சாம்பியன் ஆக்கினார். பிறகு நிர்வாகத்தோடு சண்டை, ராஜினாமா. 1974-ல் லீட்ஸில் 44 நாள் மட்டும் தாக்குப்பிடித்தார்.

1975 ஜனவரியில் அவர் ஃபாரஸ்ட்டுக்கு வந்தபோது அணி இரண்டாம் டிவிஷனில் 13-வது இடத்தில் இருந்தது. வந்தவுடன் மாயம் எதுவும் நடக்கவில்லை. அந்த சீசனை 16-வது இடத்தில் முடித்தார்கள், அதாவது இன்னும் கீழே போனார்கள். அடுத்த சீசன் எட்டாம் இடம். டிரெண்ட் நதிக்கு அந்தப் பக்கம் இருக்கிற நாட்ஸ் கவுண்டியும் அதே டிவிஷனில்தான் ஆடிக்கொண்டிருந்தது. நாட்டிங்ஹாமில் அப்போது யாராவது “இன்னும் நாலு வருஷத்துல ஐரோப்பியக் கோப்பை இங்க வரும்” என்று சொல்லியிருந்தால் தண்ணி அதிகமாகிவிட்டது என்று வீட்டுக்குக் கூட்டிப் போயிருப்பார்கள்.

1976 ஜூலையில் பீட்டர் டெய்லர் வந்து சேர்ந்தார். டார்பியில் கிளஃபின் கூட இருந்தவர். லீட்ஸுக்கு வரமாட்டேன் என்று பிரைட்டனிலேயே தங்கிவிட்டவர். இவர்கள் இருவரின் வேலைப் பிரிவினை எளிமையானது. ஆளைக் கண்டுபிடிப்பது டெய்லர், அந்த ஆளை ஆட வைப்பது கிளஃப். வந்ததும் டெய்லர் அணியைப் பார்த்து, இந்தக் கூட்டத்தை வைத்துக்கொண்டு எட்டாம் இடம் பிடித்ததே பெரிய சாதனை என்கிற ரீதியில் பேசினார் என்பார்கள். அந்தக் கூட்டத்தில்தான் ஜான் ராபர்ட்சன் இருந்தார்.

ராபர்ட்சன் ஸ்காட்லாந்துக்காரர். 1970 முதல் ஃபாரஸ்ட்டில் நடுவரிசையில் ஆடிக்கொண்டிருந்தார், ஆடிக்கொண்டிருந்தார் என்பதைவிட அங்கே இருந்தார் என்பது பொருத்தம். கொஞ்சம் தொப்பை, சிகரெட், எண்ணெயில் பொரித்த சாப்பாடு. ஓட்டம் கிடையாது. விற்றுவிடலாம் என்கிற பட்டியலிலும் அவர் பெயர் இருந்தது. டெய்லர் அவரைக் கூப்பிட்டு நல்ல வசை கொடுத்தார். வசையின் சாரம், உன்னிடம் எதுவுமே இல்லையென்றால் திட்டியிருக்கவே மாட்டேன் என்பதுதான். அவரை இடது ஓரத்துக்குத் தள்ளினார்கள். வேகமே இல்லாத ஒருவர் எப்படி விங்கர் ஆக முடியும்? பந்து காலுக்கு வரும், எதிராளி முன்னால் நிற்பான், ராபர்ட்சன் உடம்பை ஒரு பக்கம் சாய்ப்பார், ஒரு அடி இடைவெளி கிடைக்கும். அவருக்கு அந்த ஒரு அடி போதும், பந்து கோலுக்கு முன்னால் போய் விழுந்துவிடும். இந்த ஏற்பாடு முழுதாக வேரூன்றியது அந்த இரண்டாம் டிவிஷன் சீசனில்தான்.

மற்றவர்களும் இப்படித்தான், யாரோ வேண்டாம் என்று சொன்னவர்கள். லாரி லாயிட் லிவர்பூலில் கோப்பைகள் வென்ற டிஃபென்டர், கவென்ட்ரிக்குப் போய்த் தேங்கிவிட்டார். இரண்டாம் டிவிஷனுக்கு இறங்கி வரத் தயங்கினார். முதலில் கடனாக வந்து பிறகு 60,000 பவுண்டுக்கு நிரந்தரமானார். ஸ்ட்ரைக்கர் பீட்டர் வித் தென்னாப்பிரிக்கா, அமெரிக்கா என்று சுற்றிவிட்டு பர்மிங்ஹாமில் நிலையாக இடம் கிடைக்காமல் இருந்தவர். ஃபிராங்க் கிளார்க்கை நியூகாசில் சும்மா விட்டுவிட்டது, பைசா செலவில்லாமல் வந்தார். கேப்டன் ஜான் மெக்கவர்ன் கிளஃப் போகிற இடமெல்லாம் கூடவே போனவர்: ஹார்ட்லிபூல், டார்பி, லீட்ஸ், இப்போது ஃபாரஸ்ட். லீட்ஸ் ரசிகர்கள் அவரை ஏளனம் செய்து அனுப்பியிருந்தார்கள்.

விவ் ஆண்டர்சன் நாட்டிங்ஹாம் பையன், ரைட் பேக், கறுப்பர். அந்தக் காலத்தில் வெளியூர் மைதானங்களில் அவர்மேல் பழங்களை எறிவார்கள். ஒருமுறை வார்ம்-அப் செய்யப் போனவர் அது தாங்காமல் திரும்பி வந்து உட்கார்ந்தபோது கிளஃப், மறுபடி போ, போய் எனக்கு இரண்டு பேரிக்காயும் ஒரு வாழைப்பழமும் பொறுக்கிக்கொண்டு வா என்று அனுப்பினாராம். ஆண்டர்சனே பின்னால் பலமுறை சொன்ன கதை இது. சிரித்துக்கொண்டேதான் சொல்வார். எனக்கு அந்தச் சிரிப்பில் முழுசாகக் கலந்துகொள்ள முடிவதில்லை. எறிந்தவர்களை அன்று யாரும் எதுவும் செய்யவில்லை, இருபது வயதுப் பையன்தான் திரும்ப அங்கே போக வேண்டியிருந்தது. அதே சமயம், இதைக் கண்டுகொண்டால் உன்னால் ஆட்டக்காரனாகப் பிழைக்க முடியாது, உன்னால் முடியும் என்று நான் நினைக்கிறேன் என்று கிளஃப் பிறகு தனியாகச் சொன்னதையும் ஆண்டர்சன் நன்றியோடு சொல்கிறார். 1978 நவம்பரில் இங்கிலாந்து சீனியர் அணிக்கு முழு சர்வதேச ஆட்டம் ஆடிய முதல் கறுப்பர் அவர்.

அந்த சீசனில் ஃபாரஸ்ட் ஒரு கோப்பையும் வென்றது. ஆங்கிலோ-ஸ்காட்டிஷ் கோப்பை. இதெல்லாம் ஒரு கோப்பையா என்று நீங்கள் கேட்கலாம், அப்போதே கேட்டார்கள். பெரிய அணிகள் எட்டிப் பார்க்காத போட்டி. 1976 டிசம்பரில் இறுதிச் சுற்றின் இரண்டு ஆட்டங்களில் ஓரியன்ட் அணியை 1-1, 4-0 என்று முடித்தார்கள். கிளஃப் கடைசிவரை இதை முக்கியமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். ஜெயிப்பது என்றால் எப்படி இருக்கும் என்று இந்தப் பையன்களில் பலருக்குத் தெரியாது, இதில்தான் தெரிந்துகொண்டார்கள் என்பது அவர் கட்சி. லிங்கன், டான்காஸ்டர் என்று கடனாக அனுப்பப்பட்டுத் திரும்பிவந்த டோனி வுட்காக் இந்தக் கோப்பை ஆட்டங்களில்தான் அணிக்குள் நுழைந்து நிலைத்தார்.

1977 பிப்ரவரியில் இன்னொரு விஷயம் நடந்தது. முதல் டிவிஷனில் தடுமாறிக்கொண்டிருந்த டார்பி கவுண்டி கிளஃபைத் திரும்ப அழைத்தது. அவர் உருவாக்கிய அணி, அவரை நேசித்த ஊர், ஃபாரஸ்ட்டைவிட ஒரு படி மேலே. பேச்சுவார்த்தைக்கும் போனார். ஒரு கட்டத்தில் முடிந்துவிட்டது என்றே எல்லாரும் நினைத்தார்கள். கடைசியில் வரவில்லை என்று சொல்லிவிட்டார். ஏன் என்பதற்குப் பல விளக்கங்கள் உண்டு, அவரே வெவ்வேறு காலத்தில் வெவ்வேறு விதமாகச் சொல்லியிருக்கிறார். எனக்கு விளக்கம் முக்கியமில்லை. அன்றைக்குச் சரி என்று சொல்லியிருந்தால் இந்தக் கட்டுரை கிடையாது.

மே 7. சொந்த மைதானத்தில் கடைசி ஆட்டம், மில்வாலுக்கு எதிராக. 1-0 வெற்றி. அந்த ஒரே கோலையும் ஃபாரஸ்ட் ஆட்டக்காரர்கள் அடிக்கவில்லை, மில்வால்காரர் ஒருவரின் சேம் சைடு கோல். அத்தோடு ஃபாரஸ்ட்டின் கணக்கு 52-ல் நின்றுவிட்டது. போல்டனுக்கு இன்னும் ஆட்டங்கள் பாக்கி இருந்தன. ஃபாரஸ்ட் இனிச் செய்ய ஒன்றுமில்லை, காத்திருக்க வேண்டியதுதான்.

மே 14 அன்று போல்டன் தன் சொந்த மைதானத்தில் வால்வ்ஸை எதிர்கொண்டது. வால்வ்ஸ் ஏற்கெனவே மேலே போவது உறுதியாகிவிட்ட அணி, போல்டனுக்கோ வாழ்வா சாவா. இப்படிப்பட்ட ஆட்டங்களில் ஜெயித்தே ஆகவேண்டியவன் ஜெயிப்பான் என்றுதான் நாம் எதிர்பார்ப்போம். வால்வ்ஸ் 1-0 என்று ஜெயித்தது. அந்த நேரத்தில் ஃபாரஸ்ட் ஆட்டக்காரர்கள் சீசன் முடிந்த சுற்றுலாவுக்கு மயோர்க்கா தீவுக்குப் போகும் விமானத்தில் இருந்தார்கள். முதல் டிவிஷனுக்கு ஏறிவிட்டோம் என்பது அவர்களுக்கு ஆகாயத்தில்தான் தெரிந்தது. கடைசியில் இரு அணிகளும் சமமாக வந்திருந்தாலும் கோல் வித்தியாசத்தில் ஃபாரஸ்ட் தப்பித்திருக்கும். கோல் வித்தியாசம் என்கிற அந்த விதியே இங்கிலாந்தில் அந்த சீசனில்தான் புதிதாக வந்திருந்தது.

அதே மே மாதம் 25-ம் தேதி லிவர்பூல் ரோமில் தன் முதல் ஐரோப்பியக் கோப்பையை வென்றது. அடுத்த ஆண்டும் வென்றது. 1978 செப்டம்பரில், மூன்றாவது முறையும் வெல்லக் கிளம்பிய அந்த லிவர்பூலை முதல் சுற்றிலேயே வெளியே அனுப்பியது ஃபாரஸ்ட்.

இதற்கிடையில் நடந்ததெல்லாம் உங்களுக்குத் தெரிந்த கதை. நான் உட்கார்ந்து ஒரே ஒரு காரியம் செய்தேன். 1979 மே 30, மியூனிக்கில் மால்மோவை 1-0 என்று வென்று ஐரோப்பியக் கோப்பையைத் தூக்கிய பதினோரு பேரின் பெயரை எழுதி, அவர்களில் யார் யார் 1977 வசந்தத்தில் அந்த இரண்டாம் டிவிஷன் கிளப்பில் இருந்தார்கள் என்று டிக் போட்டேன். ஆண்டர்சன், லாயிட், கிளார்க், மெக்கவர்ன், இயன் போயர், ராபர்ட்சன், வுட்காக். எட்டாவதாக கேரி பர்ட்டில்ஸ். கார்ப்பெட் போடும் வேலை பார்த்துக்கொண்டு லாங் ஈட்டன் என்கிற குட்டி அணிக்கு ஆடிக்கொண்டிருந்தவர். 2,000 பவுண்டுக்கு வாங்கி அந்த மார்ச்சில் ஒரே ஒரு ஆட்டம் இறக்கினார்கள், பிறகு ஒன்றரை வருடம் மறந்துவிட்டார்கள். ஷில்டன், பர்ன்ஸ், பத்து லட்சம் பவுண்டு டிரெவர் ஃபிரான்சிஸ் ஆகிய மூவர்தான் பின்னால் வந்தவர்கள். மியூனிக் கோலை ஃபிரான்சிஸ் தலையால் முட்டினார். பந்தை அனுப்பியது இடது ஓரத்திலிருந்து ராபர்ட்சன். அடுத்த வருடம் மாட்ரிட்டில் ஹாம்பர்க்குக்கு எதிரான ஒரே கோலை ராபர்ட்சனே அடித்தார். ஃபாரஸ்ட்டை விட்டுப் போன பீட்டர் வித், 1982 இறுதி ஆட்டத்தில் ஆஸ்டன் வில்லாவுக்காக பயர்ன் மியூனிக்கை வீழ்த்திய ஒரே கோலை அடித்தார்.

அப்படியானால் மூன்றாவதாக வந்த அந்த அணி உண்மையில் பெரிய அணிதானா, பட்டியல்தான் பொய் சொல்கிறதா? எனக்கு அப்படித் தோன்றவில்லை. பதினொரு தோல்வியும் உண்மை, டார்பிக்குக் கிட்டத்தட்டப் போய்விட்டதும் உண்மை. முடிவு தெரிந்தவர்கள் பின்னாலிருந்து முன்னால் படிப்பதால் எல்லாம் ஏற்பாடு செய்தது போலத் தெரிகிறது. என் தொழிலில், சர்வர் விழுந்த பிறகு லாகைப் படித்தால் ஒவ்வொரு வரியும் எச்சரித்த மாதிரியே இருக்கும். ஓடிக்கொண்டிருந்தபோது அவை வெறும் வரிகள்.

2022 மே 29 இரவு பிளேஆஃப் இறுதி ஆட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஃபாரஸ்ட் 23 வருடத்துக்குப் பிறகு மேலே ஏற வேண்டும், எதிரே ஹடர்ஸ்ஃபீல்ட். அந்த சீசனின் முதல் ஏழு ஆட்டத்தில் ஒரே ஒரு புள்ளி எடுத்துக் கடைசி இடத்தில் கிடந்த அணி. வெம்ப்லியில் 1-0 என்று ஜெயித்தார்கள். அந்த கோலும் சேம் சைடு கோல். எனக்கு உடனே மில்வால் ஞாபகம் வந்தது. கூட இருந்த நண்பனிடம் சொன்னேன், அவன் “சும்மா ஆட்டத்தப் பாருடா” என்றான்.

போல்டனைப் பற்றி யாரும் பேசுவதில்லை. அவர்கள் 1976-லும் நான்காம் இடம், அப்போதும் மேலே போக ஒரே புள்ளி குறைவு. 1977-ல் மறுபடி அதே ஒரு புள்ளி. மூன்றாம் முறை, 1977–78-ல், இரண்டாம் டிவிஷனின் சாம்பியனாகவே மேலே வந்தார்கள். அதற்குள் ஃபாரஸ்ட் முதல் டிவிஷனை 64 புள்ளியோடு, லிவர்பூலைவிட 7 புள்ளி முன்னால் வென்றிருந்தது. போல்டன் மேலே இரண்டு சீசன் தாக்குப்பிடித்தது. 1980 மே மாதம் ராபர்ட்சன் மாட்ரிட்டில் அந்த கோலை அடித்தபோது, போல்டன் கடைசி இடத்தில் முடித்து இரண்டாம் டிவிஷனுக்குத் திரும்பிக்கொண்டிருந்தது.