மின்சாரம் கேட்ட காதுகள்

மின்கலத்தைக் கண்டுபிடித்த இத்தாலியரான அலெஸாண்ட்ரோ வோல்டா, அதன் இரு முனைகளையும் தம் காதுகளுக்குள் செருகிப் பார்த்தவர். குழம்பு கொதிப்பது போன்றதோர் ஓசை கேட்டதாக 1800ஆம் ஆண்டு இலண்டன் றோயல் சங்கத்துக்கு எழுதிய கடிதத்தில் அவர் குறிப்பிட்டார். அச்சோதனையை மீண்டும் செய்ய அவர் துணியவில்லை. துணியாததில் வியப்பில்லை!

1957இல் பாரிஸில் ஜூர்னோ, எய்ரியேஸ் என்ற இருவர், முற்றாகச் செவிப்புலன் இழந்த ஒருவரின் செவி நரம்பருகே மின்கம்பிச் சுருளைப் பொருத்தினர். அவருக்குச் சில்வண்டின் ஒலி போன்ற ஏதோ கேட்டது. பேச்சு புரியவில்லை, கருவியும் விரைவில் பழுதாகியது.

கதை உண்மையில் திரும்புவது மெல்பேர்ணில். வைத்தியர் கிறேம் கிளார்க்கின் தந்தை காது மந்தமான மருந்தாளர். சுருண்ட உட்காதுக்குள் மின்வாய்களை எப்படிச் செலுத்துவது என்ற சிக்கலுக்கு, 1977இல் கடற்கரையில் ஒரு சங்குக்குள் புல்லிதழை நுழைத்துப் பார்த்தபோதே அவருக்கு விடை கிடைத்தது. மறு ஆண்டு ஓகஸ்ட் முதலாம் திகதி, விபத்தில் செவிப்புலன் இழந்த றொட் சோண்டர்ஸுக்குச் சத்திரசிகிச்சை நடந்தது. பின்னர் நடந்த சோதனையொன்றில் தேசிய கீதம் ஒலிக்கவே, மனிதர் விறைப்பாக எழுந்து நின்றுவிட்டார். கருவி வேலை செய்கிறது என்பதைக் குழுவினருக்கு உணர்த்தியது இசைதான்.

ஆயினும் இசையே இக்கருவியின் பலவீனமும் ஆகும். இயற்கைச் செவியில் ஏறத்தாழ 15,000 மயிர்க்கலங்கள் உள்ளன. பரவலாகப் பயன்படும் கருவியொன்றில் 22 மின்வாய்களே உள்ளன. தாளம் தெளிவாகப் போய்ச் சேரும். சுரம் சேராது. எங்கள் கடுகண்ணாவைப் பக்கத்தில் பெரஹராவுக்கு அடிக்கும் கெட்ட பெரயவையோ தோட்டத்துத் தப்பையோ இவர்களால் நன்றாகவே பின்தொடர முடியும். பன்னிரண்டு சுரத்தானங்களுக்கிடையே வழுக்கிச் செல்லும் கமகம் வந்தால் எல்லாம் கலங்கிவிடும். இது கச்சேரிக்குப் போகிறவர்களின் கவலை மாத்திரமன்று. அம்மா கோபிக்கிறாளா, கொஞ்சுகிறாளா என்பதைக் குரலின் ஏற்ற இறக்கத்தில்தானே குழந்தை அறிகிறது?

இந்த இடத்தில்தான் இசைப்பயிற்சி உள்ளே வருகிறது. அமெரிக்காவின் அயோவாப் பல்கலைக்கழகத்தில் இசைச்சிகிச்சையாளர் கேற் கிபெல்லர் வாரக்கணக்கில் பயிற்சி கொடுத்து, வாத்தியங்களின் தொனியைப் பிரித்தறியும் ஆற்றல் வளர்வதை 2002இல் வெளியிட்டார். மெட்டு ஏறுகிறதா, இறங்குகிறதா என்று கேட்டுப் பழகும் பயிற்சியைக் கல்வினும் பூவும் 2007இல் முன்வைத்தனர். பின்லாந்தில் றித்வா தொர்ப்பாவின் குழு ஆராய்ந்தபோது, பாடும் பழக்கமுள்ள பிள்ளைகள் இரைச்சலுக்கு நடுவே பேச்சைக் கேட்பதில் முன்னே நின்றார்கள்.

தமிழ்நாட்டில் ஆறு வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் இச்சத்திரசிகிச்சை இலவசம். அதன் பின்னான செவிவழிப் பேச்சுப் பயிற்சியும் அதில் அடங்கும். பாராட்டத்தக்க ஏற்பாடு. ஆனால், செய்தியாளனாக இத்தனை ஆண்டுகளில் நான் கவனித்தது ஒன்று: சத்திரசிகிச்சை நாளில் புகைப்படக்காரர்கள் வருவார்கள், பயிற்சி நாளில் எவரும் வருவதில்லை. கருவி பொருத்திய பிள்ளை பேசப் பழக ஆண்டுகள் பிடிக்கும். தோட்டத்துத் தாயொருத்தி ஒருநாள் கைக்காசை இழந்து, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறி வாராவாரம் பயிற்சிக்குப் போய்வர வேண்டியிருந்தால், எத்தனை வாரம் போவாள்? வீட்டிலேயே தாலாட்டையும் கைதட்டலையும் கொண்டு செய்யக்கூடியவற்றை அவளுக்குத் தமிழில் சொல்லிக்கொடுக்க ஆள் வேண்டும்.