லாலா தீன் தயாளும் பெண்கள் ஸ்டுடியோவும்

நம் வீட்டுக் கல்யாண ஆல்பத்தைப் புரட்டினால் பாட்டி, அத்தை, நாத்தனார் என்று பெண்கள் முகம்தான் அதிகம். 130 வருஷத்துக்கு முந்தைய ஹைதராபாத் பெரிய வீடுகளில் இது லேசில் நடக்காது. பெண்கள் பர்தாவுக்குள்; படம் எடுப்பவரோ ஆண்.

இதற்கு வழி கண்டவர் லாலா தீன் தயாள். 1844-ல் மீரட் பக்கம் சர்தானாவில் பிறந்தவர். ரூர்க்கியில் படித்துவிட்டு இந்தூர் பொதுப்பணித் துறையில் வரைபடம் போடும் வேலை. 1874-ல் கேமராவைக் கையில் எடுத்தார். அப்புறம் அரசாங்க உத்தியோகத்தை விட்டுவிட்டு ஆறாம் நிஜாமின் ஆஸ்தான போட்டோகிராபர். விருந்து, வேட்டை, வைஸ்ராய் வருகை என்று அரண்மனை விசேஷங்களைக் கண்ணாடித் தகடுகளில் பதிந்தார். பஞ்ச நிவாரணப் பணிகளையும் விடவில்லை.

1892-ல் ஹைதராபாத்தில் ஜெனானா ஸ்டுடியோ திறந்தார். சுற்றிலும் உயரமான மதில், உள்ளே பெண்கள் மட்டும். படம் எடுத்தவரும் ஒரு ஆங்கிலேயப் பெண்மணி. வியாபார சாமர்த்தியம்தான், சந்தேகமில்லை. ஆனால் அதனால்தான் ஆல்பத்தில் இல்லாமலே போயிருக்க வேண்டிய பாதி வீடு படத்துக்குள் வந்தது!

1905-ல் காலமானார். அவருடைய 2,857 கண்ணாடி நெகட்டிவ்களை டில்லி இந்திரா காந்தி தேசிய கலை மையம் 1989-ல் வாங்கியது.

உங்கள் வீட்டுப் பழைய படங்களையும் எடுத்துப் பாருங்கள். அடையாளம் சொல்லப் பெரியவர்கள் இருக்கும்போதே, பின்பக்கம் பெயரும் வருஷமும் எழுதி வையுங்கள்.