பொயிலர் வேலைக்காரரை எந்தச் சொல்லில் தேடுவது?

கிழக்கிலங்கையில் பாசிக்குடாவுக்குப் பக்கத்தில், வாழைச்சேனையில், 1956 இல் காகித ஆலை இயங்கத் தொடங்கியது. வைக்கோலை அவித்துக் கூழாக்கவும் ஈரத்தாளை உலர்த்தவும் நீராவி வேண்டும். நீராவிக்குப் பொயிலர் வேண்டும். அதற்கு முன்னரே, 1928 இல் கல்குடா வழியாக மட்டக்களப்புக்கு ரயில் ஓடியபோது, சக்கரம் பூட்டிய பொயிலர்கள் இந்தக் கரைக்கு வந்துவிட்டன. ஆகவே இப்பகுதிக் குடும்பமொன்று தங்கள் பூட்டன் பொயிலர் வேலை செய்தவர் என்று சொன்னால் நம்பலாம். ஆனால் அவரைப் பழைய ஏடுகளில் ‘கொதிகலன்’ என்ற சொல்லை வைத்துத் தேடினால் கிடைக்கமாட்டார். அது இருபதாம் நூற்றாண்டில் கலைச்சொல் ஆக்கியோர் தந்த சொல். நல்ல வினைத்தொகைதான், கொதிப்பது கலன் அல்ல, தண்ணீர் என்று குறும்பாகக் கேட்கலாம் என்றாலும். பட்டறையில் புழங்கியது இங்கிலீசுச் சொல்தான்: ஈழத்து வாயில் பொயிலர், தமிழ்நாட்டு வாயில் பாய்லர், நாங்கள் ஒயில் என்பதை அவர்கள் ஆயில் என்பது போல.

அப்படியானால் தமிழில் இதற்குப் பழைய சொல்லே இல்லையா என்று கேட்பார்கள். கொப்பரை உண்டு, கிடாரம் உண்டு, அண்டாவும் உண்டு. கிடாரம் வடமொழிக் கடாகத்தோடு உறவுள்ள சொல். இராசேந்திர சோழன் கொண்ட கடாரத்தின் பெயரும் அந்த வழியில் வருவதென்பர். ஆனால் இவையெல்லாம் வாய் திறந்த பாத்திரங்கள். பொயிலரோ நீராவியை உள்ளே அடைத்து அழுத்தம் ஏற்றும் மூடிய கலம். கொப்பரை செய்தவரைப் பொயிலர் செய்தவரின் மூதாதை என்பது வெறும் ஆசை என்று ஒருவர் தள்ளிவிடலாம். பொருளின் வரலாறு அவருக்கு இடம் கொடுக்கவில்லை. 1712 இல் நியூகொமன் ஓட்டிய நீராவி இயந்திரத்தின் கலம், பியர் காய்ச்சுவோரின் செப்புக் கொப்பரையிலிருந்து வளர்ந்தது: அடியில் செம்பு, மேலே ஈயக் கூரை. இங்கிலாந்திலும் இந்த வேலை முதலில் செம்பு அடிப்பவரின் கையில்தான் இருந்தது. அழுத்தம் கூடக்கூடச் செம்பு போய் இரும்புத் தகடு வந்தது. வேலையும் இரும்பு அடிப்பவர் பக்கம் சாய்ந்தது. நம் சொற்களில் சொன்னால், கன்னார் கையிலிருந்து கொல்லர் கைக்கு மாறியது. எனவே பூட்டனின் தொழிற்பெயரைத் தீர்மானிப்பது கலத்தின் பெயரைவிட, அவர் தட்டிய உலோகம்தான்.

இதில் இன்னொரு சொல்லும் உதவும்: தறை. ஆணியின் முனையை அடித்துப் பரப்பி இறுக்குவது தறைதல். அந்த ஆணி தறையாணி. வெல்டிங் வரும்வரை பொயிலர் என்பதே ஆயிரக்கணக்கான தறையாணிகளால் கோத்த இரும்புத் தகடுகள்தாம். பழுக்கக் காய்ச்சிய ஆணியை வெளியிலிருந்து ஒருவர் அடிக்க, மற்றவர் கலத்தின் உள்ளே அதன் தலையைத் தாங்கிப் பிடித்திருப்பார். உள்ளே இருந்தவரின் காது என்ன ஆகியிருக்கும்? 1886 இல் கிளாஸ்கோவில் தோமஸ் பார் என்ற மருத்துவர் நூறு பொயிலர் தொழிலாளரைச் சோதித்தார். ஒருவருக்கும் சரியான செவிப்புலன் இல்லை. ‘தாத்தாவுக்குக் காது மந்தம்’ என்ற வீட்டுப் பேச்சை முதுமையின் கணக்கில் எழுதிவிடும் முன் இதையும் நினைக்க வேண்டும். தனியே அது சான்றாகாது. மற்றச் சான்றுகளோடு சேர்ந்தால் எடை பெறும்.

மட்டக்களப்பில் தேடுபவருக்கு வேறொரு சிக்கலும் உண்டு. இங்கே குலப்பிரிவாகிய குடி தாய்வழியில் வருகிறது. கோயிலுரிமையும் வரிசையும் குடியைப் பற்றி நிற்பதால், ஊர் நினைவு தாயின் கொடியைப் பேணிவைத்திருக்கும். தொழில் தந்தையோடு போய்விடும். கொல்லர் தம் சாதிக்குள்ளேயே மணம் முடித்தவர்கள், ஆகவே இரு வழியிலும் தொழில் தங்கியிருக்குமே என்பது நியாயமான மறுப்பு. ஊர்க் கொல்லன் பட்டறை வரைக்கும் அது சரி. ரயில்வேயும் ஆலையும் பிறப்பைப் பார்த்து மட்டும் ஆள் எடுக்கவில்லை. அவை வந்தபின் இரும்பு வேலைக்கு வந்த எல்லாரையும் கொல்லர் வழி என்று கொள்வது தவறு. 1928 க்கு முன்னென்றால் சாதிப் பெயரைத் தேடலாம். பின்னென்றால் வேலைப் பெயரைத் தேட வேண்டும். பிறப்பு, விவாகப் பதிவுகளில் ‘பதவி அல்லது தொழில்’ என்றொரு நிரல் இருப்பது இங்கேதான் கைகொடுக்கும். அதிலும் பதிவாளர் தமக்குத் தெரிந்த சொல்லைத்தான் இட்டிருப்பார்: பிற்றர், மெக்கானிக், இரும்பு வேலை, சிலவேளை வெறும் கூலி.

இலங்கையில் யார் பொயிலர் செய்தார்கள், எல்லாம் பிரித்தானியாவிலிருந்து கப்பலில் வந்தவைதானே என்று கடைசியாக ஒரு கேள்வி எழும். ரயில் எஞ்சினைப் பொறுத்தவரை மெய்தான். ஆனால் எரிந்த குழாயைக் கழற்றி மாற்றவும், ஒழுகும் பொருத்தை அடித்து அடைக்கவும், தகட்டை வெட்டி ஒட்டுப் போடவும் தெரிந்தவர் இல்லாமல் அந்த எஞ்சின்கள் ஓடியிரா. தமிழ்நாட்டிலும் நாகப்பட்டினத்திலிருந்து 1928 இல் பொன்மலைக்கு வந்த ரயில்வே பட்டறையின் பெரும்பகுதி வேலை பழுதுபார்ப்புத்தான். திருச்சியில் பெல் நிறுவனத்தின் உயர் அழுத்தக் கொதிகலன் ஆலை வந்தது 1965 இல். குடியேற்ற நாடுகளில் பொயிலர்காரர் என்றால் பெரும்பாலும் பொயிலரைப் பிழைக்கவைத்தவர் என்றே பொருள். இலங்கையில் ரயில் எஞ்சின்களின் பெரிய பழுதுபார்ப்புகள் மட்டக்களப்பில் நடக்கவில்லை; மருதானையிலும் பின்னர் இரத்மலானையிலும் இருந்த ரயில்வே பட்டறைகளில் நடந்தன. ஆகவே கல்குடாப் பூட்டனைத் தேடுபவர் ஊர்ப் பதிவுகளோடு நிறுத்திவிடாமல், கொழும்பில் ரயில்வேயின் ஆளணி ஏடுகளையும் புரட்ட வேண்டும், பிற்றர் என்ற தலைப்பின் கீழும்.