கொல்லைப்புறத்து உள்ளி

ஏலக்காய்க்கு எழுதப்பட்ட வரலாறு உண்டு. தேவாரத்திற்கு மேற்கே எழும் மலைகளில் விளைந்த ஏலத்தை, 19ஆம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் திருவிதாங்கூர் அரசு தன் தனியுரிமையாக வைத்திருந்தது. மதுரையிலிருந்து போடிநாயக்கனூருக்கு ரயில் வந்த ஆண்டும் (1928) நமக்குத் தெரியும். அதே மலையடிவாரத்து வீட்டுக் கொல்லைகளில் வளரும் வெங்காயத்தாளுக்கோ அப்படியொரு வரியும் இல்லை.

காரணம் எளிது. விற்கப்படுவதும் வரி விதிக்கப்படுவதுமே கணக்கேட்டில் ஏறும். தாளோ அறுத்த சிறிது நேரத்திலேயே வாடத் தொடங்குவது. நெடுந்தொலைவுச் சந்தைக்கு ஏற்றதன்று. சமையலறையில் முளைத்துப்போன சின்ன வெங்காயத்தை முனை மேலிருக்க மண்ணில் ஊன்றி, அரிசி களைந்த நீரை ஊற்றினால் மூன்று நான்கு வாரங்களில் தாள் எழும். அடித்தண்டை இரு விரற்கடை விட்டு அறுத்தால் மீண்டும் துளிர்க்கும். காசு கைமாறாத இவ்வேளாண்மையைப் பெரும்பாலும் பெண்களே காத்து வந்திருக்கின்றனர்.

ஏட்டில் ஏறிய குறிப்புகளோ பலவும் விலக்கைப் பற்றியவை. 5ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வட இந்தியாவுக்கு வந்த பாஹியான், சண்டாளர் தவிர ஏனையோர் வெங்காயமும் பூண்டும் உண்பதில்லை என்றார். 7ஆம் நூற்றாண்டில் வந்த யுவான் சுவாங், உண்போர் ஊருக்கு வெளியே தள்ளப்படுவதாக எழுதினார். உண்ணாதோரின் ஒழுக்கம் வரலாறாயிற்று. உண்டோரின் அடுப்படி ஆகவில்லை.

ஆகவே, சான்றை நாம் சொல்லில்தான் தேடவேண்டியிருக்கிறது. வெம்மையும் காரமும் சேர்ந்த பெயர் வெங்காயம். அதனினும் பரந்த உறவுடையது 'உள்ளி'. தமிழ், மலையாளம், கன்னடம், தெலுங்கு நான்கிலும் அச்சொல் உண்டு. குமரி மாவட்டத்தில் அது வெங்காயம், ஈழத்தில் பூண்டு. தேவாரத்தில் வெங்காயத்தாள் எனப்படுவது மலைக்கு மேலே உள்ளித்தண்டு.

1956இல் மாநிலங்கள் மொழிவழியே பிரிந்தபோது தேவிகுளமும் பீருமேடும் கேரளத்தின் பகுதிகளாயின. 2011 டிசம்பரில் முல்லைப் பெரியாறு பூசல் முற்றியபோது, ஏலத்தோட்டத் தமிழ்த் தொழிலாளர் பலர் அஞ்சி மலையிறங்கினர். மலை முகட்டின் எல்லைக்கோடு மனிதரை அவ்வளவு கடுமையாகப் பிரிக்கக்கூடியதாயிருந்தது. ஆயினும் இருபுறத்துக் கொல்லைகளிலும் ஊன்றப்படுவது ஒரே பூண்டுதான். அதை அழைக்கும் இரு சொற்களும் தமிழ் அகராதியில் அடுத்தடுத்து வாழக்கூடியவையே. அரசுகளின் ஆவணம் பிரிவினையைச் சொல்கிறது. உறவைச் சொல்லும் ஆவணமாக நமக்கு எஞ்சியிருப்பது இந்தக் கைப்பிடித் தாள்.